மழை இல்லாத நாளிலும் சம்ப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கு. பம்பை மாத்தவா?

மல்லாகத்தாள் (ஏஜாக்ஸ்), ஏப்ரல் 5, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். போன வருசக் கடைசியில ரொறொன்ரோவுக்குக் கிழக்கால ஏஜாக்ஸ்ல வீடு வாங்கினனாங்கள். 2003ல கட்டினது. பேஸ்மென்ற்றில ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெசின்) அறைக்குள்ள சம்ப் குழி, நிலத்தடித் தண்ணி வந்து சேருற குழி, கிடக்கு; அதை வெளிய இறைக்கத்தான் சம்ப் பம்ப். பனி கரையத் தொடங்கினதில இருந்து பம்ப் நாலைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இழுக்குது, நிக்குது, திருப்பி இழுக்குது. மழை பெய்தாலும் அதுதான், நல்ல வெயில் எறிச்சாலும் அதுதான். மாமி கீழ அறையில படுக்கிறவ. "இரவிரவா ஆரோ வாய் கொப்பளிக்கிற மாதிரிக் கிடக்கு" எண்டு ஒவ்வொரு விடியக்காலையும் சொல்லுறா.

ஒரு கொன்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினம். ஆள் மூடியைக்கூடத் திறக்கேல்லை. உள்சுவர் ஓரமா நிலத்தை வெட்டிப் புதுசா வீப்பிங் டைல் (தண்ணி வடிக்கிற குழாய்) போடோணும், பம்பையும் ஒரு எச்பீக்கு (குதிரைவலு) மாத்தோணும் எண்டார். பத்தாயிரம் டொலருக்கு மேல. என்ர மனுசன் சரி எண்டு தலையாட்டத் தொடங்கிட்டார், நான்தான் பொறுங்கோ எண்டு மறிச்சனான். கீழ அரிசி மூட்டை, ஊரில இருந்து வந்த குத்துவிளக்குப் பெட்டி, கல்யாண அல்பம் எல்லாம் கிடக்கு. என்ன செய்யிறது?

ரூஜ்பார்க் (ஸ்காபரோ), ஏப்ரல் 5, இரவு 10:40

பத்தாயிரம் எல்லாம் குடுக்காதேங்கோ. பெரிய பம்பா ஒண்டு வாங்கிப் போடுங்கோ, முடிஞ்சுது. நானும் ஒரு எச்பீதான் வச்சிருக்கிறன். அரை நொடியில குழி காலி.

தண்ணிக்குழாய் (மார்க்கம்), ஏப்ரல் 5, இரவு 11:25

ரூஜ்பார்க் தம்பி, அரை நொடியில காலியாகிறதுதான் பிரச்சினை. மோட்டருக்குக் கஷ்டம் ஓடேக்க இல்லை, தொடங்கேக்கதான். சின்னக் குழிக்குப் பெரிய பம்ப் போட்டால் அது பட்டெண்டு இழுத்து முடிச்சு நிக்கும், நிரம்ப உடன திருப்பித் தொடங்கும். வழமையா ஏழு, பத்து வருசம் போற பம்ப் மூண்டு நாலு வருசத்தில சுவிச் எரிஞ்சு நிக்கும்.

அக்கா, உங்கட மாமி சொன்னதைத்தான் நான் முதல்ல பிடிக்கிறன். கொப்பளிக்கிற சத்தம் பம்ப் ஓடேக்க வருதா, நிண்ட பிறகு வருதா? நிண்ட பிறகு எண்டால் மேல ஏறின தண்ணி திருப்பிக் குழிக்குள்ள விழுகுது. பம்புக்கு மேல நிக்கிற குழாயில, இடுப்பு உயரமளவில, ஒரு தடிச்ச மூட்டு இருக்கும், மேல் நோக்கி அம்புக்குறி போட்டிருக்கும். அதுதான் செக் வால்வ். உள்ள ஒரு ரப்பர் மடல். தண்ணி மேல போக விடும், கீழ வர விடாது. மடல் கிழிஞ்சாலோ, கல்லு மண் சிக்கினாலோ வேலை செய்யாது.

நாளைக்கு இதைச் செய்யுங்கோ. மூடியைத் திறந்து ரோர்ச் அடிச்சுக்கொண்டு பக்கத்தில இருங்கோ. கை வைக்க வேண்டாம், பாத்தால் காணும். குழியின்ர விட்டம் எவ்வளவு, பம்ப் நிண்ட உடன தண்ணி எவ்வளவு பாய்ஞ்சு ஏறுது, அதுக்குப் பிறகு நிமிசத்துக்கு எத்தனை அங்குலம் ஏறுது. அளவு கோல் ஒண்டைச் சுவரோட ஒட்டி வையுங்கோ. பிறகு வெளியில போய் அந்தக் குழாய் எங்க முடியுது எண்டு பாருங்கோ. இது நாலும் தெரியாமல் ஆரும் விலை சொன்னால் அனுப்பி விடுங்கோ.

மிசிசாகா_கோவை, ஏப்ரல் 6, காலை 8:05

அண்ணா, ஒரு சந்தேகம். நாங்க வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. ஊர்ல மாடிக்கு தண்ணி ஏத்தத்தான் மோட்டார், இங்க வீட்டை விட்டு தண்ணியை வெளிய தள்றதுக்கு மோட்டார். இந்தக் குழிக்கு தண்ணி எங்கிருந்துதான் வருதுங்க? எங்க வீட்ல குழி காய்ஞ்சே கிடக்கு.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 6, காலை 8:50

அத்திவாரத்தின்ர அடிக்கால் ஓரமா, வீட்டைச் சுத்தி, ஓட்டை போட்ட ஒரு குழாய் புதைச்சிருக்கும். அதைத்தான் வீப்பிங் டைல் எண்டுறது. மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி சுவரில முட்டி உள்ள வர முன்னம் அந்தக் குழாய் எடுத்துக்கொண்டு வந்து குழியில விடும். பழைய ஸ்காபரோ வீடுகள் கனத்தில குழியே இல்லை, அந்தக் குழாய் நேர தெருச் சாக்கடைக்குப் போகும். புது வீடுகளுக்கு அப்பிடி விட ஏலாது, அதால குழியும் பம்பும்.

உங்கட குழி காய்ஞ்சு கிடக்கிறது நல்ல விசயம். ஆனால் அங்கதான் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப் போயிருக்கும். ஓடாத பம்புக்குத்தான் கூடக் கவனம் வேணும். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா ஒரு வாளி தண்ணியை, 15, 20 லீற்றர், மெதுவா ஊத்துங்கோ. பம்பைத் தொடக்கி நிப்பாட்டிற மிதவை எழும்போணும், பம்ப் தொடங்கோணும், குழி வத்தோணும், தானா நிக்கோணும். நிக்கிறதையும் பாருங்கோ, கனபேர் தொடங்கினதைப் பாத்துப்போட்டுப் போயிடுவினம். மிதவை குழிச் சுவரில சாய்ஞ்சு சிக்கினால் பம்ப் நிக்காமல் காய்ஞ்சு ஓடி எரியும்.

மிசிசாகா_கோவை, ஏப்ரல் 6, காலை 9:40

ஊத்திப் பார்த்தேங்க. மிதவை மேல வந்துடுச்சு, ஆனா சத்தமே இல்லை! பம்ப் போச்சுங்களா?

தண்ணிக்குழாய், ஏப்ரல் 6, காலை 9:55

பொறுங்கோ தம்பி, கடைக்கு ஓடாதேங்கோ. சுவரில செருகின பிளக்கைப் பாருங்கோ. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, ரெண்டு பிளக் இருந்தால், சுவரில இருக்கிறது மிதவையின்ரது, அதின்ர முதுகில இருக்கிறது பம்பின்ரது. ரெண்டையும் கழட்டிப் பம்பின்ரதை மட்டும் நேர சுவரில செருகுங்கோ. ஓடினால் பம்ப் நல்லது, மிதவைச் சுவிச்தான் பழுது. சுவிச் மட்டும் தனியா வாங்கலாம். தண்ணி வத்தின உடன கழட்டிப் போடோணும். ஓடாட்டில் முதல்ல அந்தப் பிளக் பொயின்ரில மின்சாரம் வருதோ எண்டு ஒரு லாம்பைச் செருகிப் பாருங்கோ.

மிசிசாகா_கோவை, ஏப்ரல் 6, காலை 10:20

ஓடுதுங்க! மிதவைதான். புது பம்ப் காசு மிச்சம். ரொம்ப நன்றிங்க அண்ணா.

மல்லாகத்தாள், ஏப்ரல் 6, பின்னேரம் 4:30

அண்ணை, பாத்தாச்சு. குழி 18 அங்குலம். பம்ப் பத்துச் செக்கன் ஓடி அஞ்சு அங்குலம் இறக்குது. நிண்ட உடன, மாமி சொன்ன அதே சத்தத்தோட, ஒரு அங்குலம் ஏறுது. அதுக்குப் பிறகு நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். பம்பில மூண்டில ஒரு எச்பீ எண்டு போட்டிருக்கு. குழிச்சுவர் எல்லாம் செம்மஞ்சளா ஒரு கூழ் படிஞ்சு கிடக்கு, துருவோ தெரியேல்லை. வெளிக் குழாய் டெக்குக்கு (வீட்டோட சேர்ந்த மரத்தளம்) அடியில போகுது, நாளைக்கு இவர் குனிஞ்சு பாப்பார்.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 6, இரவு 9:15

நல்லாப் பாத்திருக்கிறியள் அக்கா. இனிக் கணக்குப் பாப்பம்.

18 அங்குலக் குழியில ஒரு அங்குலத் தண்ணி எண்டால் நாலு லீற்றரும் கொஞ்சமும். ஒண்டரை அங்குலக் குழாய் பத்தடி நீளத்தில பிடிக்கிறதும் கிட்டத்தட்ட நாலு லீற்றர்தான். அப்ப நிண்ட உடன ஏறுற ஒரு அங்குலம் குழாயில நிண்ட தண்ணி. செக் வால்வ் போயிட்டுது, இதில சந்தேகமே இல்லை. மலிஞ்ச சாமான், ரெண்டு பக்கமும் கிளிப் போட்ட ரப்பர் மூட்டு, பழசின்ர அளவுக்கு வாங்குங்கோ.

ஆனால் அது மட்டும் காரணமில்லை. அஞ்சு அங்குலத்தில ஒரு அங்குலம்தான் திரும்புது. மிச்ச நாலும் வெளியில இருந்து வருது. நிமிசத்துக்கு நாலு லீற்றர், மணித்தியாலத்துக்கு 250, ஒரு நாளைக்கு 6000 லீற்றர். நல்ல வெயிலுக்குப் பிறகும் இது குறையேல்லை எண்டால், ஒண்டில் நிலத்தடி நீர் உங்கட அத்திவார மட்டத்துக்கே நிக்குது, இல்லாட்டில் நீங்கள் வெளியில விடுற தண்ணியே சுத்திக்கொண்டு திரும்ப வருது. ரெண்டாவதைத்தான் நான் நம்புறன். அந்த டெக்குக்கு அடியில பாருங்கோ.

பம்பின்ர பலம் பற்றிக் கவலை வேண்டாம். மூண்டில ஒரு எச்பீ நல்ல பம்ப் பத்தடி உயரத்துக்கு நிமிசத்துக்கு நூறு லீற்றருக்கு மேல தள்ளும். உங்களுக்கு வாறது நாலு. ஒரு எச்பீ எதுக்கு?

செம்மஞ்சள் கூழ் துரு இல்லை. மண்ணில இருக்கிற இரும்பைத் தின்னுற பக்ரீரியா. தொட்டால் வழுக்கும். ஆபத்தில்லை, ஆனால் பம்பின்ர வாய் வலையையும் மிதவையையும் இறுக்கிப் பிடிச்சுப்போடும். வருசத்துக்கு ஒருக்கா பிளக்கைக் கழட்டிப்போட்டு, பம்பைத் தூக்கி, வலையைப் பழைய பல்லுப் பிரசால தேய்ச்சு, குழி அடியில கிடக்கிற சேற்றை அள்ளோணும். வயரில பிடிச்சுத் தூக்காதேங்கோ, கைபிடியில பிடிச்சுத் தூக்குங்கோ. கழுவ வினிகர் காணும். ப்ளீச்சையும் வினிகரையும் ஒண்டாக் கலக்க வேண்டாம், விசவாயு வரும்.

இன்னொண்டு. பம்புக்கும் செக் வால்வுக்கும் இடையில, மூடிக்குக் கீழ, குழாயில ஒரு சின்ன ஓட்டை இருக்கோணும், எட்டில ஒரு அங்குலம். ஓடேக்க அதால தண்ணி பீச்சியடிக்கும். "லீக்" எண்டு நினைச்சு இவர் எப்பொக்சிப் பசை வச்சு அடைச்சுப்போடாமல் பாருங்கோ. அது காத்து வெளிய போற ஓட்டை. அடைச்சால் பம்பின்ர வாயில காத்து மாட்டி, மோட்டர் ஓடும், தண்ணி ஏறாது.

ஸ்காபரோ_சித்தப்பா, ஏப்ரல் 6, இரவு 10:02

பிள்ளையள் எல்லாம் பம்பைப் பற்றியே கதைக்கிறியள். 2013 ஜூலை 8 ஆருக்கும் நினைவிருக்கோ? பியர்சன் விமான நிலையத்தில 126 மில்லிமீற்றர் மழை, அதுவும் ஒரு பின்னேரத்துக்குள்ள. எங்கட வீட்டில குழியும் இல்லை பம்பும் இல்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில நிலத்தில இருக்கிற வடிகால் வாயால கறுப்பா வந்துது. மழைத்தண்ணி இல்லை அது. அதுக்கு உங்கட பம்ப் என்ன செய்யும்?

தண்ணிக்குழாய், ஏப்ரல் 6, இரவு 10:30

ஒண்டும் செய்யாது சித்தப்பா. அது தெருச் சாக்கடை நிரம்பித் திருப்பித் தள்ளுறது. அதுக்கு வேற மருந்து, பக்வோட்டர் வால்வ். வீட்டுச் சாக்கடைக் குழாயில போடுறது. தெருவில இருந்து தண்ணி திரும்பினால் மடல் மிதந்து மூடும். ரொறொன்ரோவில அதுக்கு பேர்மிற்றும் லைசென்ஸ் உள்ள பிளம்பரும் வேணும்.

ஸ்காபரோ_சித்தப்பா, ஏப்ரல் 6, இரவு 10:41

போட்டாச்சு, போட்டாச்சு. 2024 ஜூலை 16க்கு அது மூடித்தான் நிண்டது. தெருவெல்லாம் வெள்ளம், டொன் வலி பார்க்வே பெருந்தெரு ஆறாப் போகுது, கீழ ஒரு சொட்டு இல்லை. பாத்துக்கொண்டு நிக்க வடிகால் வாயால நுரை நுரையா வருது. ஷாம்பு மணம்! மகன் மேல குளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான்.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 6, இரவு 10:52

வால்வ் மூடினால் வெளித்தண்ணி உள்ள வராது, உள்தண்ணி வெளிய போகாது. கடும் மழை நேரத்தில குளிப்பு, தோய்ப்பு, பாத்திரம் கழுவுற மெசின் எல்லாம் நிப்பாட்டோணும். கீழ வாடகைக்கு ஆக்கள் இருந்தால் மேல இருக்கிறவை இதைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும். பாதிக்கப்படுறது கீழ இருக்கிறவைதான்.

ரூஜ்பார்க், ஏப்ரல் 7, காலை 7:30

அக்கா, சிற்றி மானியம் குடுக்குது. பம்புக்கும் வால்வுக்கும். போடுங்கோ விண்ணப்பம்.

பொலிசி_தம்பி (பிக்கரிங்), ஏப்ரல் 7, காலை 8:15

அது ரொறொன்ரோ மாநகராட்சித் திட்டம் அண்ணா, அக்கா ஏஜாக்ஸ். ஒவ்வொரு ஊருக்கும் வேற விதி, ஏஜாக்ஸ் நகரசபையைத்தான் கேக்கோணும். ரொறொன்ரோ ஆக்களும் வேலை தொடங்க முன்னம் விதியைப் படியுங்கோ. கூரைத்தண்ணிக் குழாயைச் சாக்கடையில இருந்து கழட்டி விட்டிருக்கோணும் எண்டது முதல் நிபந்தனை.

நான் காப்புறுதியில வேலை செய்யிறதால ஒண்டு சொல்லுறன். சாதாரண வீட்டுப் பொலிசியில இது ஒண்டும் அடங்காது. சாக்கடை திரும்புறதுக்கு ஒரு சேர்க்கை, நிலத்துக்கு மேலால வாற வெள்ளத்துக்கு இன்னொரு சேர்க்கை. கனபேர் முதலாவதை மட்டும் எடுத்துப்போட்டு ரெண்டும் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். உச்சத் தொகை எவ்வளவு எண்டும் பாருங்கோ. கீழ அறை, குசினி எல்லாம் கட்டி வச்சிருக்கிற வீட்டுக்குப் பத்தாயிரம் காணாது. வருசத்துக்கு ஒருக்கா பேஸ்மென்ற்றைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்து வையுங்கோ, அல்பம், விளக்கு எல்லாம் தெரியக்கூடியதா. அல்பத்தைப் பொலிசி திருப்பித் தராது, அதை மேல கொண்டு போங்கோ.

மிசிசாகா_கோவை, ஏப்ரல் 7, காலை 11:10

கரண்ட் போனா என்னங்க பண்றது? ஊர்ல எல்லார் வீட்லயும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கும். அதே மாதிரி ஒண்ணு வாங்கி பம்ப்ல மாட்டிட்டா போதுமா? கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒண்ணு சும்மா கிடக்கு.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 7, பகல் 12:45

முக்கியமான கேள்வி. பெருமழையும் மின்வெட்டும் ஒண்டாத்தான் வரும். 2013 ஜூலையில துணை மின்நிலையங்களே வெள்ளத்தில மூழ்கி மேற்கு ரொறொன்ரோ இருண்டுது.

கம்பியூட்டர் யூபிஎஸ் வேண்டாம். மோட்டர் தொடங்கேக்க ஓடுறதைப் போல ரெண்டு மூண்டு மடங்கு இழுக்கும், யூபிஎஸ் விழுந்திடும். வீட்டு மின்சாரம் மாதிரிச் சுத்தமான சைன் அலை தாற, அந்த இழுவையைத் தாங்கிற இன்வேர்ட்டர் எண்டால் ஓடும். 12 வோல்ற் 100 அம்பியர்-மணி லெட் அசிட் பற்றரியில பாதியைத்தான் பாவிக்கலாம், 600 வாட்-மணி. பம்ப் 700 வாட் இழுத்தால் தொடர்ந்து முக்கால் மணித்தியாலம். ஆனால் பம்ப் தொடர்ந்து ஓடாது. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பத்துச் செக்கன் எண்டால் எட்டு ஒன்பது மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும்.

கடையில விக்கிற பற்றரிப் பம்ப் வேற விதம். அது ரெண்டாவது பம்ப், 12 வோல்றில ஓடும், மிதவை கொஞ்சம் மேல இருக்கும். மின்சாரம் இருந்தும் பெரிய பம்ப் செத்தால்கூட இது காப்பாத்தும். அதால நான் இதுக்குத்தான் வோட்டு. பற்றரியை மூண்டு தொடக்கம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும்.

ரூஜ்பார்க், ஏப்ரல் 7, பகல் 1:20

பற்றரியே வேண்டாத பம்ப் ஒண்டு இருக்கு. குழாய்த் தண்ணி அழுத்தத்தில ஓடுறது. சார்ஜ் பண்ணத் தேவையில்லை, சாகாது.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 7, பகல் 2:05

ஓம், இருக்கு. ஒரு லீற்றர் குடிதண்ணி ஓடவிட்டு ஏறக்குறைய ரெண்டு லீற்றர் குழித்தண்ணி எடுக்கும். மீற்றர் சுத்தும். கிணத்துத் தண்ணி வீட்டுக்குச் சரிவராது, மின்சாரம் போனால் அங்க அழுத்தமும் போயிடும். குழித்தண்ணி குடிதண்ணிக்குள்ள திரும்பாமல் தடுக்கிற கருவி கட்டாயம் வேணும், நகரசபை விடுமோ எண்டும் கேக்கோணும். நான் போட்டுக் குடுத்திருக்கிறன், ஆனால் என்ர வீட்டில பற்றரிதான்.

ஜெனரேட்டர் எண்டு ஆரும் கேக்க முன்னம் சொல்லுறன். வெளியில, யன்னலுக்குத் தூரத்தில வையுங்கோ. கராஜுக்குள்ள கதவைத் திறந்து வச்சாலும் கூடாது. காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும்.

மல்லாகத்தாள், ஏப்ரல் 8, இரவு 8:20

அண்ணை, இவர் டெக்குக்கு அடியில பூந்து பாத்தார். குழாய் சுவரை விட்டு வெளிய வந்து ஒரு சாணிலயே முடியுது. அதில மாட்டியிருந்த நெளிநெளிக் கறுப்புக் குழாய் குளிருக்கு வெடிச்சுக் கழண்டு அங்கால கிடக்கு. தண்ணி நேர சுவர் அடியில ஊத்தி, அந்த இடத்தில மண் பள்ளமாப் போய்க் கிடக்கு. கூரைத்தண்ணிக் குழாயும் அதே மூலையிலதான் இறங்குது.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 8, இரவு 8:45

பாத்தியளே! உங்கட பம்ப் ஒரே தண்ணியைத் திருப்பித் திருப்பி இறைச்சுக்கொண்டு நிக்குது. புது வீப்பிங் டைல் போட்டிருந்தால் அந்தத் தண்ணி இன்னும் வசதியாத் திரும்பி வந்திருக்கும்.

இப்ப ஒண்டும் கட்ட வேண்டாம். தற்காலிகமா ஒரு நீளக் குழாயைக் கிளிப்பால இறுக்கி, சுவரில இருந்து பதினைஞ்சு அடிக்காவது கொண்டு போய், சரிவான இடத்தில விடுங்கோ. பக்கத்து வீட்டுக்காரன்ர காணிக்கும் நடைபாதைக்கும் போகக் கூடாது, சண்டை வரும், குளிருக்கு வழுக்கி விழுவினம். கூரைத்தண்ணியையும் ஒரு ஆறடிக்கு நீட்டி விடுங்கோ. செக் வால்வையும் மாத்திப்போட்டு ரெண்டு நாள் விட்டு அளந்து சொல்லுங்கோ.

மல்லாகத்தாள், ஏப்ரல் 11, காலை 9:30

வால்வ் மாத்தியாச்சு, குழாயும் நீட்டியாச்சு. முதல் நாள் பெரிய வித்தியாசமில்லை, இவர் "அந்த ஆளையே கூப்பிடுவம்" எண்டு தொடங்கிட்டார். நேற்று இரவில இருந்து இருபது நிமிசத்துக்கு ஒருக்காத்தான் ஓடுது. கொப்பளிப்புச் சத்தம் இல்லை, இப்ப "டொக்" எண்டு ஒண்டு கேக்குது. மாமி அதுக்கும் குறை சொல்லுறா.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 11, காலை 10:10

முதல் நாள் அப்பிடித்தான், சுவரடி மண் ஊறிக் கிடந்தது வடிய வேணுமே. "டொக்" வால்வ் மூடுற சத்தம். மாமிக்குத் தொந்தரவு எண்டால் சுருள்கம்பி வச்ச சத்தமில்லாத வால்வ் இருக்கு, கொஞ்சம் விலை கூட. குழாய் சுவரில, மரத்தில முட்டுற இடத்தில ரப்பர் வச்சாலும் குறையும்.

மூடியை நல்லா இறுக்கி மூடுங்கோ. ஈரமும் மணமும் வராது, மண்ணில இருந்து வாற, கதிர்வீச்சுள்ள ரேடொன் வாயுவும் குறையும். கீழ ஆள் படுக்கிறதால ரேடொனை ஒருக்கா அளந்தும் பாருங்கோ, கனடாவில ஒரு கன மீற்றர் காத்துக்கு 200 பெக்கரலுக்கு மேல எண்டால் நடவடிக்கை எடுக்கச் சொல்லுது சுகாதாரத் திணைக்களம். குழிக்குப் பக்கத்தில தண்ணி அலாரம் ஒண்டும் வையுங்கோ.

மல்லாகத்தாள், ஏப்ரல் 11, காலை 10:35

சரி அண்ணை. அந்தக் குழாயை அப்பிடியே புல்லுக்கு மேல விடுறதோ? இவர் புதைக்கப் போறாராம், மண்வெட்டி வாங்கியாச்சு.

தண்ணிக்குழாய், ஏப்ரல் 11, காலை 11:00

மண்வெட்டியைக் கீழ வைக்கச் சொல்லுங்கோ! முதல்ல ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ, இலவசம். காஸ், மின்சாரம் எங்க போகுது எண்டு வந்து குறி போடுவினம். அதுக்குப் பிறகு தோண்டலாம்.

புதைக்கிறதெண்டால் நெளிநெளிக் குழாய் வேண்டாம், தண்ணி நிண்டு உறையும். வழுவழுப்பான பீவீசி, வெளிநோக்கிச் சரிவு, முடிவில தண்ணி தேங்காத இடம். சுவரை விட்டு வெளிய வந்த உடன வெட்டு வெட்டா வாய் இருக்கிற ஒரு மூட்டும் போடுங்கோ. தை மாசத்தில அங்கால உறைஞ்சு அடைச்சாலும் தண்ணி அந்த வாயால கொட்டும், பம்ப் எரியாது. சுவரடியில கொட்டும்தான், ஆனால் பேஸ்மென்ற்றுக்குள்ள நிக்கிறதை விட அது பரவாயில்லை.

மல்லாகத்தாள், ஏப்ரல் 11, காலை 11:20

அறிவிச்சாச்சு. குறி போட்ட பிறகுதான் மண்வெட்டி தருவன் எண்டு மாமி கராஜில பூட்டி வச்சிட்டா.